தும்பிக்கை ‘ணை’யை மெஷினில் தைக்க முடியுமா?

தையல் பக்கம்: வாசகர் கேள்வி, பதில்

போன மாதம் இந்தப் பக்கத்தில் ஒரு தலையணை உறையின் படம் வந்திருந்தது. வெள்ளைத் துணி, வெள்ளை நூல், ‘எம்’மும் ‘கே’யும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நிற்கும் மோனோகிராம். அதன்பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த இரண்டு எழுத்தைப் பற்றியவை. ‘அந்த ஃபான்ட் பேர் என்னக்கா?’ என்று மட்டும் பதினோரு பேர் கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பெயர் கிடையாது. மதுரை தெற்குவாசல் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில், மடிப்பெல்லாம் இற்றுப்போன மேசைத் துணி ஒன்று கிடைத்தது. அதன் மூலையில் இருந்த எழுத்தை டிரேசிங் பேப்பரில் எடுத்து, கம்ப்யூட்டரில் நானே பஞ்ச் பண்ணினேன், அதாவது எம்ப்ராய்டரி மெஷின் தைக்கிற டிசைனாக மாற்றினேன். மூன்று நாள் ஆனது. அதில் இரண்டு நாள் ‘கே’யின் காலுக்கே போனது. சரி, கேள்விகளுக்கு வருகிறேன்.

திருநகரிலிருந்து ஒரு வாசகி: தங்கை கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாருக்கு மோனோகிராம் போட்ட டர்க்கி டவல் கொடுக்க ஆசைப்படுகிறோம். விலை கொடுத்து வாங்கிய பழைய பாணி டிசைனில் மூன்று எழுத்துக்கு இடம் இருக்கிறது, நடு எழுத்து மட்டும் பெரியது. எந்த எழுத்தை எங்கே வைப்பது?

அந்த மூன்று எழுத்துக் கட்டம் நமக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை இல்லை அம்மா. மேல்நாட்டில் ஒருவருக்குச் சொந்தப் பெயர், நடுப்பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று இருக்கும். குடும்பப் பெயரின் எழுத்தை நடுவில் பெரிதாக வைத்து, இடப்பக்கம் சொந்தப் பெயரையும் வலப்பக்கம் நடுப்பெயரையும் வைப்பார்கள். மூன்றும் ஒரே உயரம் என்றால், பெயரைச் சொல்லும் வரிசையிலேயே எழுதிவிடுவார்கள். கல்யாணமானவர்களுக்கு நடுவில் இருவருக்கும் பொதுவான குடும்பப் பெயர், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆளுக்கொரு எழுத்து. நமக்கு அந்தப் பொதுப் பெயரே கிடையாது. அப்பா பெயர் இனிஷியலாக முன்னால் நிற்கும். சிலருக்கு அதற்கும் முன்னால் ஊர் எழுத்து. இப்போது அம்மாவின் எழுத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள், நல்லதுதான். இதில் யாரை நடுவில் பெரிதாக உட்கார வைப்பது?

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்கு நாற்பது டவல் ஆர்டர். டிசைன் எப்படிச் சொல்கிறதோ அப்படியே போட்டேன். இடப்பக்கம் பெண் எழுத்து, வலப்பக்கம் மாப்பிள்ளை எழுத்து, நடுவில் மாப்பிள்ளையின் இனிஷியல். பெண்ணின் அப்பா ஒரு டவலைக் கையில் பிரித்துப் பார்த்துவிட்டு, “எங்க பொண்ணு சரி, மாப்பிள்ளை சரி. நடுவுல இவ்வளவு பெருசா உட்கார்ந்திருக்கிறது யாரும்மா?” என்று கேட்டார். மாப்பிள்ளையின் அப்பா என்று சொல்ல வேண்டியதாயிற்று. அப்புறம் அந்த வீட்டில் நடந்த பேச்சை இங்கே எழுத முடியாது. டர்க்கி டவலில் சாட்டின் தையலை, அதாவது நூலை நெருக்கி வரிசையாக நிரப்பும் தையலை, பிரித்தால் துணியின் கண்ணியும் கூடவே வந்துவிடும். அதனால் நாற்பதையும் என் காசில் புதிதாக வாங்கித் தைத்துக் கொடுத்தேன். பழைய நாற்பதில் சில இன்னும் எங்கள் வீட்டில் தலை துவட்டிக்கொண்டிருக்கின்றன.

உங்களுக்கு என் யோசனை, மணமக்களின் பெயரெழுத்து இரண்டு மட்டும் போதும். நடுவில் இருக்கும் பெரிய எழுத்தைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் குட்டியாக ஒரு மல்லிகை மொட்டு வையுங்கள். பழைய பிரெஞ்சு வெள்ளைத் துணிகளிலும் எழுத்துக்கு நடுவே இப்படிச் சின்னப் பூவும் கொடியும் வருவது வழக்கம்தான். நம் ஊருக்கு மல்லி பொருத்தம். ஆறேழு மில்லிமீட்டரில் துளி வடிவமாக ஒரு சாட்டின், காம்புக்கு இரண்டு ஓட்டு ரன்னிங் தையல், முடிந்தது.

தைப்பதற்கு முன்னால் இரண்டு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘டி’யும் ‘பி’யும் அழகாகப் பின்னி வந்த ஒரு துண்டைப் பார்த்துவிட்டு, “டி.பி. ஆஸ்பத்திரித் துண்டா?” என்று கேட்ட மாமா ஒருவர் உண்டு. யாருடைய எழுத்து முன்னால் வரும் என்பதையும் இரண்டு வீட்டிலும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால் வடிவத்துக்கு எது பொருந்துகிறதோ அது முன்னால். ‘ஓ’வும் ‘சி’யும் வெளியே நின்று மற்ற எழுத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். ‘எஸ்’ எதோடும் பின்னும். ‘எம்’மும் ‘டபிள்யூ’வும் அகலக்காரர்கள், பக்கத்தில் வருபவரை நசுக்குவார்கள்.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாசகி: டவலில் எழுத்து புதைந்துவிடுகிறது. இரண்டு தடவை துவைத்தால் காணவே காணோம்.

தண்ணீரில் கரையும் பிளாஸ்டிக் தாள் விற்கிறார்கள். டவலின் மேலே அதை விரித்து, அதன்மேல் தையுங்கள். மிச்சத்தைக் கிழித்துவிட்டு, ஒட்டியிருப்பதை ஈரத்துணியால் தொட்டால் கரைந்துவிடும். ஆனால் அது தைக்கும் நேரத்துக்குத்தான் காவல். துவைத்த பிறகும் எழுத்து நிற்க வேண்டுமானால், எழுத்துக்கு அடியில் டவல் நிறத்திலேயே நெருக்கமில்லாத வலை போல ஒரு தையலை வட்டமாகவோ முட்டை வடிவமாகவோ முதலில் போட்டு, கண்ணிகளைப் படுக்க வைத்துவிடுங்கள். அதன்மேல் எழுத்து. அந்த வட்டமே பழைய முத்திரை மாதிரித் தெரியும், கூடுதல் லாபம். கொடி மாதிரி மெலிந்த எழுத்தெல்லாம் டவலுக்கு ஆகாது. தடித்த கால் உள்ள எழுத்தாக எடுங்கள்.

மேலூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: பாட்டி கையால் தைத்த மஞ்சள் துணிப்பை ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. சிவப்பு நூலில் ‘மீனாட்சி துணை’ என்று எழுதியிருக்கிறது. ‘னா’வும் ‘ணை’யும் இப்போது எழுதுவது போல இல்லை. அதே மாதிரி புதுப் பை ஒன்றில் அம்மாவுக்குத் தைத்துக் கொடுக்க ஆசை. எந்தத் தமிழ் ஃபான்ட் போட்டாலும் மெஷின் சாஃப்ட்வேரில் புதிய எழுத்துத்தான் வருகிறது. பழைய எழுத்தை மெஷினில் தைக்க முடியுமா?

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பையின் படம் அனுப்பியதற்கு நன்றி. அந்த ‘ணை’யைப் பார்த்ததும் எனக்கு என் அம்மாவின் கணக்கு நோட்டு ஞாபகம் வந்துவிட்டது.

முதலில் எழுத்தின் கதை. ணை, லை, ளை, னை நான்குக்கும் அப்போது தனி ஐகாரக் கொம்பு கிடையாது. எழுத்தின் தலையிலேயே யானைத் தும்பிக்கை போல ஒரு வளைவு ஒட்டிக்கொண்டிருக்கும். ணா, றா, னா மூன்றிலும் துணைக்கால் தனியாக நிற்காது. எழுத்தின் வாலே நீண்டு சுழிந்துவிடும். ணொ, ணோ போன்றவற்றிலும் அதே சுழிதான். மொத்தம் பதின்மூன்று எழுத்து. பெரியார் 1935லேயே தன் பத்திரிகையில் இவற்றை மாற்றி அச்சிடத் தொடங்கினார். தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டது 1978இல், எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்தபோது. பை 1978க்கு முந்தியது என்று இதை வைத்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது. அரசு ஆணை வந்ததும் பாட்டிமார் கை மாறிவிடுமா என்ன? என் அம்மா கடைசி வரை தும்பிக்கை போட்டுத்தான் ‘விலை’ எழுதினார்.

கம்ப்யூட்டருக்குள் பழைய ‘ணை’க்கும் புதிய ‘ணை’க்கும் ஒரே குறியீடுதான். திரையில் எந்த வடிவம் தெரியும் என்பதை ஃபான்ட்தான் முடிவு செய்கிறது, இப்போது புழங்கும் ஃபான்ட்கள் பெரும்பாலும் புதிய வடிவத்தையே காட்டும். அதனால் ஃபான்ட் தேடி அலையாதீர்கள். பாட்டியின் கையே இருக்கும்போது ஃபான்ட் எதற்கு? பையை மேசையில் சுருக்கமில்லாமல் விரித்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, நேர் மேலே இருந்து படம் எடுங்கள். சாய்த்து எடுத்தால் எழுத்தும் சாயும். அந்தப் படத்தைப் பஞ்சிங் சாஃப்ட்வேரில் பின்னணியாகப் போட்டு, ஸ்கேலை வைத்து அளவைச் சரிபண்ணி, எழுத்தின் மேலேயே புள்ளி வைத்துக்கொண்டு போக வேண்டும். ‘ஆட்டோ’ பொத்தானை அமுக்காதீர்கள். அது சுழியைப் பூசணிக்காய் ஆக்கிவிடும்.

இந்த இடத்தில் ஒரு பழைய பாடம். நான் எழுத்து நிரப்பக் கற்றது, புது மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே வரிசையாக மெஷின் போட்டு உட்கார்ந்திருந்த தையல்காரர்களில் ஒரு பெரியவரிடம். அந்தக் கடைகளெல்லாம் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. கால்மிதி மெஷின், துணியை நகர்த்தும் பல்லை இறக்கி, துணியை அழுத்தும் பாதத்தைக் கழற்றி, வளையத்தில் துணியை இழுத்துக் கட்டி, கையாலேயே துணியை ஆட்ட வேண்டும். நான் எழுத்தைக் கிடைத்த ஓரத்திலிருந்து தொடங்குவேன். “எழுதற மாதிரியே தைம்மா. பேனா எங்க வைப்பியோ அங்க ஊசி வை” என்பார். கம்ப்யூட்டர் மெஷினுக்கும் அதுவே சரி. பேனா போகும் வழியில் தையல் போனால் நூல் வெட்டு குறையும், வளைவுகளில் தையலின் சாய்வு இயல்பாகத் திரும்பும். உங்கள் ‘ணை’யில் பாட்டி எங்கே தொடங்கினார் என்பது பையைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். முடிச்சு எங்கே இருக்கிறதோ அங்கே.

அளவு பற்றி ஒரு எச்சரிக்கை. ‘ண’வுக்கு மூன்று சுழி, மேலே தும்பிக்கை வேறு. சுழியின் உள்ளே இருக்கும் ஓட்டை ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் நூல் அடைத்துக்கொள்ளும். அதனால் இந்த எழுத்தை 18 மில்லிமீட்டர் உயரத்துக்குக் கீழே எடுக்காதீர்கள், 25 என்றால் நிம்மதி. ஆங்கிலத்தில் 6 மில்லிமீட்டரில் தைத்துவிடுகிறார்களே என்று ஒப்பிடாதீர்கள், ‘ஐ’க்கு ஒரு கோடு போதும். சாட்டின் அகலம் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் இருக்கட்டும். தையல் துணியை இழுப்பதால், திரையில் பார்த்ததைவிட எழுத்து ஒல்லியாகத்தான் விழும். அதற்காக 0.2 அல்லது 0.3 மில்லிமீட்டர் கூடுதலாகக் கொடுங்கள், சாஃப்ட்வேரில் ‘புல் காம்பென்சேஷன்’ என்று இருக்கும். ஆனால் அது சுழியின் ஓட்டையையும் சேர்த்துத் தின்னும், பார்த்துக்கொள்ளுங்கள்.

படத்தில் ‘மீ’யைவிட ‘து’ கொஞ்சம் இறங்கி இருக்கிறது, கடைசி எழுத்து இடம் போதாமல் ஒடுங்கியிருக்கிறது. அதைச் சரி பண்ணிவிடாதீர்கள். வரிசை நேராக்கினீர்களானால் அது கடைப் பை.

பரவையிலிருந்து ஒரு வாசகி: பழைய பாணி என்று படம் பார்த்தால் எழுத்தெல்லாம் சிவப்பாகவே இருக்கிறதே, ஏன்? நம் பாட்டிமாரும் சிவப்புதான் எடுத்தார்கள்.

அழகுக்காகத் தொடங்கியது இல்லை, சலவைக்காக. ஐரோப்பாவில் வீட்டுத் துணிகளை மொத்தமாகச் சேர்த்து, காரம் போட்டுக் கொதிக்க வைத்து வெளுப்பார்கள். யாருடைய விரிப்பு எது என்று தெரிய மூலையில் எழுத்து. நம் ஊரில் சலவைத் தொழிலாளர்கள் இதே வேலைக்குச் சேங்கொட்டைப் பாலைச் சுண்ணாம்போடு சேர்த்துக் குறி போட்டார்கள். துணி கிழியும், குறி போகாது. அங்கே நூலில் எழுத்து, இங்கே கொட்டையில் புள்ளியும் கோடும்.

கொதிக்கிற தண்ணீரிலும் நிறம் விடாத நூல் வேண்டும். அதற்குக் கிடைத்தது துருக்கிச் சிவப்பு. மஞ்சிட்டி இனத்து வேரில், எண்ணெயும் படிகாரமும் சேர்த்துப் பல நாள் ஏற்றும் சாயம். எம்ப்ராய்டரி நூலுக்குப் பெயர்போன டி.எம்.சி. கம்பெனி 1746இல் தொடங்கிய, இப்போது பிரான்சில் இருக்கும் முலூஸ் நகரம் அந்தச் சாயத்துக்கும் பெயர் பெற்றது. பிற்பாடு எழுத்து மாதிரிப் புத்தகங்கள் போட்டு வீடு வீடாக மோனோகிராம் தைக்க வைத்ததில் டி.எம்.சி.க்குப் பெரிய பங்கு உண்டு. 1828இல் ஜோசுவே ஹைல்மன் எம்ப்ராய்டரி மெஷினை உருவாக்கியதும் அதே முலூஸில்தான். நூல், சாயம், மெஷின் மூன்றும் ஒரே ஊர்!

நமக்கும் இதில் பங்கு உண்டு. மதுரைச் சாயக்காரர்கள் சுங்குடிக்கும் தலைப்பாகைக்கும் ஏற்றிய சிவப்பு, சாயவேரில் வந்தது. அந்த வேரிலும் மஞ்சிட்டி இனத்திலும் நிறம் கொடுப்பது ஒரே பொருள், அலிசரின். ஜெர்மனியில் 1868இல் அதை ரசாயன முறையில் செய்துவிட்டார்கள், அதன்பின் இரண்டு வேருக்கும் மதிப்புப் போயிற்று.

இப்போது பாலியெஸ்டர் சிவப்பு நூல் சாயம் விடாது. ரேயான் நூலாக இருந்தால் நம்பாதீர்கள். ஒரு முழம் நூலை வெள்ளைத் துணித் துண்டில் சுற்றிக் கொதிநீரில் பத்து நிமிஷம் போட்டுப் பாருங்கள். வடிவம் என்று கேட்டால், சிவப்புக்கு இயல்பாகப் பொருந்துவது பெருக்கல் குறித் தையல் எழுத்து. மெஷினிலும் அது லேசாகத் தைக்கும், துணியை இழுக்காது, புதிதாகப் பஞ்சிங் பழகுபவர்களுக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. கட்டம் போட்ட நோட்டில் முதலில் வரைந்துகொள்ளுங்கள்.

வாடிப்பட்டியிலிருந்து ஒரு தையல்காரர்: இரண்டு எழுத்தைப் பின்னிப் போடும்போது குறுக்கே வெட்டும் இடத்தில் ஊசி உடைகிறது. உங்கள் தலையணை உறையில் அந்த இடம் மழமழவென்று இருக்கிறதே, எப்படி?

அண்ணே, அந்த இடத்தில் உங்களுக்கு இரண்டு சாட்டின், அதற்கடியில் தாங்கலாகப் போடும் அண்டர்லே தையல் இரண்டு, ஆக நாலு அடுக்கு. ஊசி கல்லில் குத்துகிற மாதிரிதான். கீழே போகிற எழுத்தை வெட்டும் இடத்தில் அறுத்துவிடுங்கள். மேலே போகிற எழுத்துக்கு இரண்டு பக்கமும் அரை மில்லிமீட்டர் துணி தெரிகிற மாதிரி இடைவெளி விடுங்கள். கைத்தையல்காரர்களும் அப்படித்தான் விட்டார்கள். அந்த மெலிந்த வெள்ளைக் கீற்றுத்தான் ‘இது மேலே, அது கீழே’ என்று கண்ணுக்குச் சொல்கிறது. ஒரு வெட்டில் ‘எம்’ மேலே போனால் அடுத்த வெட்டில் ‘கே’ மேலே வர வேண்டும், கூடை பின்னுவது போல. எல்லா இடத்திலும் ஒரே எழுத்து மேலே நின்றால் அது பின்னல் ஆகாது, ஒன்றன்மேல் ஒன்று படுத்திருப்பதாகிவிடும்.

ஒரே வெள்ளையில் இரண்டு எழுத்தும் தனித்தனியாகத் தெரிவது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். தையலின் சாய்வு. ‘எம்’முக்குத் தையல் ஒரு பக்கம் சாய்ந்து ஓடுகிறது, ‘கே’க்கு எதிர்ப்பக்கம். வெளிச்சம் ஒன்றில் படும்போது மற்றது மங்கும். உறையைத் திருப்பினால் அது இதாகும். விலைக்கு வாங்கும் டிசைன்களில் எல்லா எழுத்துக்கும் ஒரே சாய்வு கொடுத்துவிடுகிறார்கள், அதனால்தான் வெள்ளைமேல் வெள்ளை போட்டால் கோலம் கலைந்த மாதிரி இருக்கிறது.

எழுத்து மேடாக நிற்பதற்கு அண்டர்லேயை இரட்டிப்பாக்குங்கள். நடுவில் ஒரு ஓட்டம், அதன்மேல் இரண்டு தடவை ஜிக்ஜாக். மேல் தையலின் இடைவெளி 0.4 மில்லிமீட்டர் போதும். நெருக்கினால் மேடு வரும் என்று 0.3க்கு இறக்காதீர்கள், துணி கிண்ணமாகக் குவியும். கால் அகலம் 7 மில்லிமீட்டரைத் தாண்டினால் நூல் தொங்கி வளையலில் மாட்டும். சாஃப்ட்வேர் அதை நடுவில் பிரித்துத் தைக்கலாமா என்று கேட்கும். பிரித்தால் பழைய சாட்டினின் வழுவழுப்பு போய்விடும். எழுத்தைச் சிறியதாக்குவது மேல். நூலில் மினுமினுப்பு குறைவாக இருக்கட்டும், நான் போட்டது 30 நம்பர் பருத்தி நூல், ஊசி 90/14. ரேயான் நூலைப் போட்டால் அதே டிசைன் பட்டு ஜாக்கெட் மாதிரி ஜொலிக்கும்.

கே.கே. நகரிலிருந்து ஒரு வாசகர்: அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குச் சட்டையில் எழுத்து. கொடியும் பூவும் அவருக்குப் பிடிக்காது.

ஆர்ட் டெக்கோ எடுங்கள். 1925இல் பாரிஸில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியிலிருந்து வந்த பெயர். நேர்க்கோடு, அரைவட்டம், ஒரு கால் தடிப்பு, ஒரு கால் மெலிவு. மூன்று எழுத்தை டைமண்ட் வடிவத்துக்குள் அடைப்பது அதில் பிரபலம், ஆனால் மறுபடியும் நடு எழுத்துச் சண்டை. எழுத்துகளை மேலிருந்து கீழே அடுக்குங்கள். இனிஷியல் மேலே, பெயர் கீழே, நாம் எழுதும் வரிசையும் கெடாது. உயரம் எல்லாம் சேர்த்து 20 மில்லிமீட்டர், இடது கையின் கஃப் பட்டியில். மெலிந்த கால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக வரும், 60 நம்பர் நூலும் 65/9 ஊசியும் போடுங்கள். நிறம் சட்டையைவிட ஒரு படி அடர்த்தி, அவ்வளவுதான். தங்க ஜரி வேண்டாம்.

கீழவெளி வீதியிலிருந்து ஒரு வாசகி: தேவாலயப் பீடத் துணிக்கு ஐ.எச்.எஸ். என்ற எழுத்தைப் பழைய முறையில் தைத்துக் கொடுக்க வேண்டிக்கொண்டிருக்கிறேன். ‘எச்’ பெரிதாக நடுவில் வருவது சரியா?

சரிதான். அது யாருடைய இனிஷியலும் இல்லை. கிரேக்கத்தில் இயேசுவின் பெயரை எழுதும்போது வரும் முதல் மூன்று எழுத்து. நாம் ‘எச்’ என்று படிப்பது அங்கே ‘ஏ’ என்ற நெடில். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலியின் இயேசு சபைக்கு இதுவே முத்திரை. நடு எழுத்தின் குறுக்குக் கோட்டின் மேல் சிலுவை நிற்பது பழைய வடிவம், அதற்காகவே அது உயரமாக இருக்க வேண்டும். கிண்ணம் வைக்கிற சதுரத் துணி என்றால் நடுவில் மேடாக எதையும் தைக்காதீர்கள், கிண்ணம் ஆடும். முன் ஓரத்தில் சின்னச் சிலுவை போதும். பெரிய எழுத்தைப் பீடத்தின் முன்னால் தொங்கும் பகுதியில் வையுங்கள். லினன் துணியை ஹூப்பில், அதாவது எம்ப்ராய்டரி வளையத்தில், இறுக்கினால் இழை கோணும். துணிக்கு அடியில் வைக்கும் பேப்பரை மட்டும் ஹூப்பில் மாட்டி, துணியை அதன்மேல் தற்காலிகப் பசையால் ஒட்டித் தையுங்கள்.

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகி: விலைக்கு வாங்கிய டி.எஸ்.டி. வகை டிசைன் ஃபைலில் நிறம் மாறி வருகிறது. பெரிதாக்கினால் எழுத்து நடுவே துணி தெரிகிறது.

டி.எஸ்.டி. ஃபைலில் நூலின் நிறம் சேமிப்பாகாது, எங்கே நிறுத்த வேண்டும் என்பது மட்டும்தான் இருக்கும். நிறத்தை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும். அளவை 10 சதவீதத்துக்கு மேல் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். விற்பவரிடம் வேறு அளவில் கேட்டு வாங்குங்கள்.

சோழவந்தானிலிருந்து ஒரு வாசகி: எனக்கு ஆரி வேலை தெரியும், எம்ப்ராய்டரி மெஷின் வாங்க வசதி இல்லை. பழைய பாணி எழுத்து ஆரியில் வருமா?

இதென்ன கேள்வி! பழைய மெஷின்களில் ஒரு பெரிய வகை உங்கள் கையைப் பார்த்துச் செய்ததுதான். பிரான்சில் 1860களில் போனாஸ் என்பவர் காப்புரிமை எடுத்து, கார்னெலி என்ற பெயரில் பரவிய மெஷினில், கொக்கி ஊசி துணிக்குள் இறங்கி அடியிலிருந்து நூலை இழுத்துச் சங்கிலி சங்கிலியாகக் கோக்கும். அடியில் கைப்பிடி ஒன்று, அதைத் திருப்பினால் தையல் திரும்பும். அமெரிக்காவில் 1940, 50களில் விளையாட்டு கிளப் சட்டைகளின் முதுகில் ஓட்டமாக எழுதிய பெயர்களெல்லாம் அந்தச் சங்கிலித் தையல். அந்த எழுத்தை எங்கள் கம்ப்யூட்டர் மெஷின் நகல்தான் எடுக்க முடியும். பாபின் நூலும் மேல் நூலும் பூட்டிக்கொள்ளும் மெஷினில் உண்மையான சங்கிலி விழாது. உங்கள் ஊசியில் விழும்.

கைக்குட்டையில் தொடங்குங்கள். காட்டன் நூல் இரண்டு இழை, சங்கிலி ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீட்டர், எழுத்தைப் பேனா எடுக்காமல் ஒரே ஓட்டமாக. தடித்த காலுக்கு மட்டும் பக்கத்திலேயே இன்னொரு வரிசை. மணியும் ஜர்தோசியும் பெட்டியிலேயே இருக்கட்டும். முடித்ததும் எனக்குப் படம் அனுப்புங்கள், பின்பக்கப் படத்தையும் சேர்த்து. முன்பக்கத்தைவிட நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.